பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா: ஆங்கில நிதிச் சுருக்கங்களை எழுதும் முறை

ஆங்கில நிதிச் சுருக்கங்களில் எந்த எழுத்து பெரிதாக வர வேண்டும், எது சிறிதாக வர வேண்டும் என்பது அந்தச் சுருக்கம் உருவான விதத்தைப் பொறுத்தது. ஆர்பிஐ, இஎம்ஐ போன்றவை பல சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டானவை. ரெப்போ, டீமேட் போன்றவை நீளமான ஒரு சொல்லின் வாலை வெட்டியதால் உண்டானவை. பேசிஸ் பாயின்ட்டைக் குறிக்கும் பிபிஎஸ், மில்லியனைக் குறிக்கும் எம்என் ஆகியவை அளவைக் குறிகள். பான் எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் குறியீடுகள். இவை அனைத்துக்கும் ஒரே விதியைப் போடப் பார்க்கும்போதுதான் பிழை வருகிறது.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பிரிவே கிடையாது. அதனால் தமிழ்வழியில் படித்து, அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தவர்கள் ஐயம் வரும் இடங்களில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. பெரிய எழுத்தில் போட்டால் தவறில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம். பல இடங்களில் இதனால் வருவது நடைப்பிழை மட்டும்தான். சில இடங்களில் தொகையே நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மாறிவிடுகிறது. வங்கிக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் எழுதுவோர் அந்த இடங்களை அடையாளம் கண்டுகொள்வது அவசியம்.

முதலெழுத்துச் சுருக்கங்கள்

ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துச் சொல்லப்படும் சுருக்கங்களில் எல்லா எழுத்தும் பெரிது. ஆர்பிஐ, ஜிஎஸ்டி, இஎம்ஐ, ஆர்டிஜிஎஸ், யுபிஐ, ஐபிஓ, சிஆர்ஆர், டிடிஎஸ் எல்லாம் இந்த வகை. எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைக்கும் பழைய வழக்கம் இன்றைய நாளேடுகளிலும் அறிக்கைகளிலும் பெரும்பாலும் போய்விட்டது. புள்ளியை விட்டுவிடுவதே நல்லது.

இந்த வகையில் பிழை நேர்வது சுருக்கத்தில் அன்று, அதன் விரிவில்தான். சுருக்கம் பெரிய எழுத்தில் இருப்பதால் விரிவின் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் இல்லை. ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியா ஒரு நிறுவனத்தின் பெயர். அதனால் விரிவிலும் அதன் முக்கியச் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. ஈக்வேட்டட் மன்த்லி இன்ஸ்டால்மென்ட் என்பது யாருடைய பெயரும் இல்லை. மாதத் தவணையைக் குறிக்கும் பொதுச்சொல் அது. வாக்கியத்தின் நடுவில் மூன்று சொல்லும் சிறிய எழுத்திலேயே தொடங்க வேண்டும். நெட் அசெட் வேல்யூ, சிஸ்டமேட்டிக் இன்வெஸ்ட்மென்ட் பிளான், நான்-பெர்ஃபார்மிங் அசெட், கேஷ் ரிசர்வ் ரேஷியோ, இனிஷியல் பப்ளிக் ஆஃபரிங் ஆகியவையும் பொதுச்சொற்களே. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், யுபிஐ ஆகியவை குறிப்பிட்ட அமைப்புகளின் பெயர்கள் என்பதால் அவற்றின் விரிவில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். ஐயம் வந்தால் ஒரு கேள்வி போதும்: உலகில் இது ஒன்றே ஒன்றா, பலவா? ரிசர்வ் வங்கி ஒன்று. மாதத் தவணைகள் கோடிக்கணக்கானவை. ஒன்றே ஒன்றானால் பெயர், பலவானால் பொதுச்சொல்.

பன்மையைக் காட்டும் எஸ் எப்போதும் சிறிய எழுத்து. ஏடிஎம்கள், என்பிஏக்கள், ஐபிஓக்கள் என்று எழுதும்போது சுருக்கத்தை அடுத்து ஒரு சிறிய எஸ் ஒட்டினால் போதும். இடையில் மேற்கோள் குறி போல ஒரு சுழி வைப்பது உடைமையைக் காட்டும், பன்மையைக் காட்டாது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தாலும் இந்த எஸ்ஸைச் சிறிதாகவே விடுவது நல்லது. பெரிதாக்கினால் அதுவும் இன்னொரு சொல்லின் முதலெழுத்து என்று படிப்பவர் எண்ணக்கூடும். இந்தியாவில் இபிஎஸ் என்றாலே ஒரு பங்குக்கான வருவாய், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் என இரண்டு பொருள் இருக்கும்போது, வராத எழுத்து ஒன்றை வேறு சேர்த்துக் குழப்பத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

சுருக்கத்தின் நடுவே சிறிய எழுத்து வரும் இடங்களும் உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தத்தைக் குறிக்கும் எம்ஓயூவில் எம்மும் யூவும் பெரிது, நடுவில் உள்ள ஓ சிறிது. ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல்லுக்காக நிற்பதால் அது சிறிதாகிறது. நிறுவனப் பதிவாளரைக் குறிக்கும் ஆர்ஓசி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீட்டைக் குறிக்கும் ஒய்ஓஒய், காலாண்டு ஒப்பீட்டைக் குறிக்கும் க்யூஓக்யூ ஆகியவற்றிலும் இந்தியாவில் நடு எழுத்தைச் சிறிதாக எழுதுவது பரவலான வழக்கம். அமெரிக்க நூல்களில் முதலீட்டின் மீதான ஆதாயம், பங்கு மூலதனத்தின் மீதான ஆதாயம் ஆகியவற்றின் சுருக்கங்கள் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தில் வருகின்றன. இரண்டும் சரியே. ஓர் அறிக்கையில் ஒரு வழியைத் தேர்ந்துகொண்டால் கடைசிப் பக்கம்வரை அதே வழியில் போக வேண்டும். ஆர்ஓஇயில் ஓவைச் சிறிதாக எழுதிவிட்டு ஆர்ஓசிஇயில் பெரிதாக எழுதினால், இரண்டும் ஒரே குடும்பத்து அளவீடுகள் என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

ஜெர்மன் நிறுவனங்களின் பெயருக்குப் பின் வரும் ஜிஎம்பிஹெச் இதே கொள்கையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். மற்றவை சிறிய எழுத்தில் தொடங்கும். அந்தச் சுருக்கத்தில் முதலும் கடைசியும் பெயர்ச்சொற்கள், நடுவில் உள்ள இரண்டும் அப்படியில்லை. அதனால் ஜியும் ஹெச்சும் பெரிது, எம்மும் பியும் சிறிது. ஜெர்மன் நிறுவனத்துக்கு விலைப்பட்டியல் அனுப்பும் திருப்பூர் ஏற்றுமதியாளர் அதை முழுக்கப் பெரிய எழுத்தாக்கினால் பணம் நின்றுவிடாது. ஆனால் அந்நாட்டவர் கண்ணில் அது முதல் பார்வையிலேயே பட்டுவிடும்.

சொல்லாகப் படிக்கப்படுபவை

செபி, நாஸ்டாக், லைபார், எபிட்டா போன்றவையும் முதலெழுத்துகளால் ஆனவைதான். ஆனால் எழுத்தெழுத்தாகப் பிரிக்காமல் ஒரே சொல்லாக அவற்றை உச்சரிக்கிறார்கள். இங்கே ஆங்கில உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சொல்லாக உச்சரிக்கப்படுவதைச் சாதாரணப் பெயரைப் போல, முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி எழுதுவது பிரிட்டிஷ் நாளேடுகளின் வழக்கம். நேட்டோவையும் நாசாவையும் கார்டியன் நாளேடு அப்படித்தான் எழுதுகிறது. அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் நடுவழியை எடுத்திருக்கிறது: நான்கு எழுத்துவரை முழுக்கப் பெரிது, அதைவிட நீண்டால் முதலெழுத்து மட்டும் பெரிது. இந்திய வணிக நாளேடுகள் பலவற்றில் செபிக்கு முதலெழுத்து மட்டுமே பெரிது. செபியின் சொந்தச் சுற்றறிக்கைகளில் நான்கு எழுத்தும் பெரிது.

எதைப் பின்பற்றுவது என்பதை எழுத்து போய்ச் சேரும் இடம் தீர்மானிக்கும். ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுதும் கடிதத்தில் அந்த அமைப்பு தன்னை எப்படி எழுதிக்கொள்கிறதோ அப்படியே எழுத வேண்டும். பொது வாசகருக்கான கட்டுரையில் பத்திரிகையின் வழக்கத்தைப் பின்பற்றலாம். எபிட்டாவை மட்டும் எங்கும் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவது பாதுகாப்பானது. வட்டி, வரி, தேய்மானம், அருவச் சொத்துத் தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய வருவாய் என்ற பொருளில் கடைசி நான்கு எழுத்தில் ஒவ்வொன்றும் ஒரு செலவினத்தைச் சுட்டுகிறது. வரியை மட்டும் விட்டு, அல்லது தேய்மானத்தையும் அருவச் சொத்துத் தேய்மானத்தையும் விட்டுக் கணக்கிடும் உறவுச் சொற்கள் பக்கத்திலேயே வரும்போது, எந்த எழுத்து கூடியது, எந்த எழுத்து குறைந்தது என்பது பெரிய எழுத்தில்தான் சட்டென்று தெரியும்.

சென்செக்ஸும் நிஃப்டியும் முதலெழுத்துச் சுருக்கங்களே இல்லை. ‘சென்சிட்டிவ்’, ‘இண்டெக்ஸ்’ இரண்டும் கலந்து பிறந்தது சென்செக்ஸ். ‘நேஷனல்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் கலந்து பிறந்தது நிஃப்டி. இலக்கணப்படி முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருப்பதே இயல்பு. சந்தைகளின் அதிகாரப்பூர்வ ஆவணங்களில் பல இடங்களில் இரண்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் வருகின்றன; அது வணிகப் பெயரை எடுத்துக்காட்டும் வழி. நிதித் திட்டம் ஒன்றின் பெயருக்குள் அவை வந்தால் ஆவணத்தில் உள்ளபடியும், சந்தை ஏறியது இறங்கியது என்ற செய்தியில் இயல்பான வடிவிலும் எழுதலாம்.

வெட்டப்பட்ட சொற்கள்

ரெப்போ ரேட், டீமேட் கணக்கு என்ற இரண்டும் இந்திய அலுவலக ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பிழைபடுகின்றன. இரண்டையும் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும் வங்கிப் படிவங்கள்கூட உண்டு. படிப்பவர் அவற்றை ஏதோ நான்கைந்து சொற்களின் சுருக்கம் என்று நினைத்து விரிவைத் தேடத் தொடங்குகிறார். அப்படி ஒரு விரிவு கிடையாது. திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தைக் குறிக்கும் ‘ரீபர்சேஸ்’ என்ற சொல் குறுகி ரெப்போ ஆனது. காகிதப் பங்குகளை மின்னணுப் பதிவாக்குவதைக் குறிக்கும் ‘டீமெட்டீரியலைஸ்டு’ குறுகி டீமேட் ஆனது. 1996 ஆம் ஆண்டு டெபாசிட்டரிகள் சட்டம் வந்த பிறகு அந்தச் சொல் நாடெங்கும் பரவியது. இரண்டும் இன்று சாதாரணப் பெயர்ச்சொற்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலொழிய ஓர் எழுத்துகூடப் பெரிதாக வேண்டியதில்லை. ஃபாரெக்ஸ், கேப்பெக்ஸ், ஓபெக்ஸ் ஆகியவற்றுக்கும் இதே விதி. மூலதனச் செலவைக் குறிக்கும் கேப்பெக்ஸில் நடுவில் உள்ள இ எழுத்தைப் பெரிதாக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் இருக்கிறது. அது பிழையில்லை, தேவையுமில்லை.

சிபில் மதிப்பெண் பார்க்க இதே வகை போலத் தோன்றினாலும் வேறு வகை. கிரெடிட் இன்ஃபர்மேஷன் பியூரோ என்று தொடங்கிய பழைய நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள் அவை. அதனால் ஐந்து எழுத்தும் பெரிது.

நிறுவனப் பெயரின் வால்கள் தனிக் கவனம் கேட்பவை. பிரைவேட் லிமிடெட் சுருங்கும்போது இரு பகுதிகளிலும் முதலெழுத்து மட்டும் பெரிது. இலங்கையில் பிரைவேட் என்பதன் சுருக்கத்தை அடைப்புக்குறிக்குள் இடுவது வழக்கம். சிங்கப்பூரில் அதன் சுருக்கம் பி, டி, இ என்ற மூன்றெழுத்து. மலேசியாவில் வருவது செண்டிரியான் பெர்ஹாட் என்பதன் சுருக்கம். இவற்றிலும் ஒவ்வொரு பகுதியின் முதலெழுத்து மட்டும் பெரிது. பிரிட்டனின் பிஎல்சி மட்டும் விலகி நிற்கிறது. மூன்று எழுத்தும் சிறிதாக எழுதப்படுவதே அங்கே பரவலான வழக்கம். அந்நாட்டு நிறுவனங்கள் பல தங்கள் பெயரில் அப்படியே வைத்திருக்கின்றன. பிழை என்று நினைத்து அதைத் திருத்தப் போகக் கூடாது.

தொகையை மாற்றிவிடும் எழுத்துகள்

மில்லியனைக் குறிக்கும் எம்மைப் போல வம்பு வளர்க்கும் எழுத்து நிதி ஆங்கிலத்தில் வேறில்லை. பிரிட்டிஷ் நாளேடுகளில் பவுண்டுக் குறிக்குப் பின் ஓர் எண்ணும் ஒரு சிறிய எம்மும் வந்தால் அது மில்லியன். அறிவியல் அலகு முறையில் சிறிய எம் என்பது மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எம்தான் மெகா, அதாவது பத்து லட்சம். அமெரிக்க வங்கித் துறையிலும் எரிவாயுத் துறையிலும் ரோமானிய எண்முறையின் தடம் இன்னும் இருக்கிறது. ரோமானிய முறையில் பெரிய எம் ஆயிரம். ஆயிரம் ஆயிரங்கள் மில்லியன் என்பதால் அங்கே இரண்டு பெரிய எம் சேர்ந்தால் மில்லியன். இயற்கை எரிவாயுவின் அமெரிக்க விலை எம்எம்பிடியு ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று சொல்லப்படுவதில் இந்த இரட்டை எம்தான் வருகிறது: இரண்டு எம்மும் பெரிது, பிரிட்டனைக் குறிக்கும் பி பெரிது, வெப்ப அலகுக்கான டியும் யுவும் சிறிது. ஆக, ஒற்றைப் பெரிய எம் ஒருவருக்கு ஆயிரம், இன்னொருவருக்குப் பத்து லட்சம்.

இந்தியாவிலிருந்து எழுதுவோருக்கு இதிலிருந்து தப்ப எளிய வழி இருக்கிறது. மில்லியனுக்குச் சிறிய எம்மும் சிறிய என்னும் சேர்த்தும், பில்லியனுக்குச் சிறிய பியும் சிறிய என்னும் சேர்த்தும் எழுதினால் எந்த நாட்டவரும் தவறாகப் படிக்க மாட்டார். ஒற்றை எம்மை, பெரிதாயினும் சிறிதாயினும், ஒப்பந்தத்திலோ விலைக்குறிப்பிலோ பயன்படுத்தவே கூடாது.

ஆயிரத்தைக் குறிக்கும் கே அவ்வளவு ஆபத்தில்லாதது. அலகு முறைப்படி கிலோவுக்குச் சிறிய கேதான் சரி. பெரிய கே வெப்பநிலையின் கெல்வின். சம்பளப் பேச்சிலும் விளம்பரத்திலும் பெரிய கேயும் தாராளமாகப் புழங்குகிறது, அதனால் யாருக்கும் பொருள் மாறிப் போவதில்லை. இங்கே ஆவணம் முழுக்க ஒரே வடிவம் இருந்தால் போதும்.

லட்சத்துக்கு நிலைமை தலைகீழ். சிலர் சம்பளத்தை எண்ணும் எல் எழுத்துமாகக் குறிக்கிறார்கள். சிறிய எல் பல எழுத்துருக்களில் எண் ஒன்றைப் போலவே இருக்கும். ஐந்து லட்சம் என்று எழுதியது ஐம்பத்தொன்று என்று படிக்கப்படும். எல் போட்டால் பெரிதாகவே போட வேண்டும்; லாக் என்று நான்கெழுத்தில் முழுதாக எழுதுவது அதைவிட மேல்.

கோடிக்கு வரும் சிஆரில் வேறொரு சிக்கல். கணக்குப் பதிவியலில் பெரிய சி, சிறிய ஆர் என்பது வரவு, அதாவது கிரெடிட். பாஸ்புக்கிலும் வங்கிக் கணக்கு விவரத்திலும் தொகையை ஒட்டி அது நின்றால் கணக்கில் இருப்பு உள்ளது என்று பொருள். பெரிய டி, சிறிய ஆர் நின்றால் பற்று. அதே பெரிய சி, சிறிய ஆர் ஜோடியைக் கோடிக்கும் பலர் போடுகிறார்கள். ஒரே அறிக்கையில் கோடியில் தொகைகளும் வரவு இருப்புகளும் சேர்ந்து வந்தால் படிப்பவர் திணறுவார். மில்லியனைப் போலவே குரோர் என்பதும் சாதாரண எண்ணுப்பெயர்; பெரிய எழுத்தில் தொடங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஆகவே கட்டுரையில் குரோர் என்று சிறிய எழுத்துகளில் முழுமையாகவும், இடம் குறைந்த அட்டவணையில் இரண்டும் சிறிய எழுத்தாகவும் எழுதிவிட்டு, பெரிய சி உள்ள வடிவத்தை வரவுக்கென்றே ஒதுக்கிவைப்பது சிறந்த ஏற்பாடு. நிதிநிலை அறிக்கைகளில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் அலகைப் போடாமல், பக்கத்தின் தலையில் ஒருமுறை சொல்லிவிடுவது வழக்கம். 2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் தொகைகளை எந்த அலகுக்கு முழுமையாக்கலாம் என்று வரையறுத்து, ஒரே அலகை அறிக்கை முழுக்கப் பின்பற்றச் சொல்கிறது.

ரூபாய்க்கான பழைய சுருக்கத்தில் ஆர் பெரிது, எஸ் சிறிது. இரண்டையும் பெரிதாக்குவது பிழை. ஒரே ஒரு ரூபாய் என்றால் எஸ் வராது. பெரிய ஆர், சிறிய இ. தமிழகத்தைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அந்தக் குறியைப் பயன்படுத்தினால் பெரிது சிறிது என்ற கேள்வியே எழாது. குறியையும் சுருக்கத்தையும் சேர்த்துப் போடக் கூடாது.

ரூபாய் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் ஆகிய நாடுகளின் நாணயமும் ரூபாய்தான். எல்லை தாண்டும் கணக்கில் ஐஎஸ்ஓ 4217 தரத்தின் மூன்றெழுத்துக் குறியீடே தெளிவு தரும்: இந்திய ரூபாய் ஐஎன்ஆர், இலங்கை ரூபாய் எல்கேஆர், சிங்கப்பூர் டாலர் எஸ்ஜிடி, மலேசிய ரிங்கிட் எம்ஒய்ஆர். முதல் இரண்டு எழுத்தும் பொதுவாக நாட்டைக் குறிக்கும், மூன்றாவது பெரும்பாலும் நாணயப் பெயரின் முதலெழுத்து. மூன்றுமே பெரிய எழுத்து; இதில் விதிவிலக்கு கிடையாது.

விதிவிலக்கு இல்லாததாலேயே இலண்டன் பங்குச் சந்தை விலைகளைப் படிப்போர் விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே பெரும்பாலான பங்குகளின் விலை பவுண்டில் சொல்லப்படுவதில்லை, பென்ஸில் சொல்லப்படுகிறது. சந்தைத் தரவுத் திரைகளில் ஜிபிபி என்ற மூன்றெழுத்தின் கடைசிப் பி சிறிதாக இருந்தால் அது பென்ஸ். பெரிதாக இருந்தால் பவுண்டு. நூறு பென்ஸ் ஒரு பவுண்டு. விரிதாளில் அந்தப் பத்தியை யாராவது ‘ஒழுங்குபடுத்தி’ முழுக்கப் பெரிய எழுத்தாக்கினால், 500 பென்ஸுக்கு வாங்கிய பங்கு 500 பவுண்டுக்கு வாங்கியதாகிவிடும்.

வட்டி விகித மாற்றத்தைச் சொல்லும் பேசிஸ் பாயின்ட் ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு. ரெப்போ விகிதம் 25 பேசிஸ் பாயின்ட் குறைந்தது என்றால் கால் சதவீதம் குறைந்தது. இதன் சுருக்கமான பிபிஎஸ் ஓர் அலகு. கிலோகிராம், சென்டிமீட்டர் போல மூன்று எழுத்தும் சிறிது. பெரிய எழுத்தில் எழுதினால் ஒரு பங்குக்கான புத்தக மதிப்பு என்று படிப்பவரும் உண்டு. ஆண்டுக்கு என்ற பொருளில் வரும் பிஏ, கணக்கேட்டில் முன்பக்க இருப்பையும் அடுத்த பக்க இருப்பையும் காட்டும் சாய்கோட்டுச் சுருக்கங்கள் ஆகியவையும் சிறிய எழுத்தில்தான். காசோலையின் மீது இரண்டு கோடிட்டு எழுதும் அக்கவுன்ட் பேயீயில் சாய்கோட்டுக்கு முன் உள்ள ஏ பெரிது, பின் உள்ள சி சிறிது.

சட்டப் பிரிவுகளும் குறியீடுகளும்

வரிச் சட்டத்தில் எழுத்தின் அளவு நேரடியாகப் பொருளைச் சுமக்கிறது. இந்தியச் சட்டங்களில் பின்னாளில் செருகப்பட்ட பிரிவுக்கு, முந்தைய பிரிவின் எண்ணோடு பெரிய எழுத்து ஒட்டும்: 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி, 80டி போல. ஒரு பிரிவுக்குள் அடங்கிய உட்கூறுக்கு அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்து வரும்: வீட்டுக்கடன் வட்டிக் கழிவைச் சொல்லும் 24(பி) போல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர் தடுமாறும் இடம் 40 ஆம் பிரிவு. 40 என்ற எண்ணை அடுத்து அடைப்புக்குள் சிறிய ஏ வந்தால் அது 40 ஆம் பிரிவின் ஓர் உட்கூறு. மூலத்தில் வரி பிடிக்காமல் செலுத்திய தொகைகளைச் செலவாக ஏற்க மறுக்கும் விதி அங்கே இருக்கிறது. அடைப்பு இல்லாமல் பெரிய ஏ ஒட்டி வந்தால் அது வேறொரு பிரிவு. வரம்பு மீறி ரொக்கமாகக் கொடுத்த செலவை மறுக்கும் விதி அங்கே இருக்கிறது. வரி அலுவலகத்துக்கு எழுதும் பதிலில் இரண்டும் மாறினால் வாதமே மாறிவிடும். 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. முந்தைய ஆண்டுகளின் கணக்குக்கும் வழக்குக்கும் பழைய எண்களே பொருந்தும். உட்கூறுக்கு அடைப்புக்குள் சிறிய எழுத்து என்ற முறை இரு சட்டங்களுக்கும் பொது.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்குள்ள ஊழியர்களின் ஓய்வுச் சேமிப்பான 401(கே) திட்டத்தின் கே, வரிச் சட்டத்தின் 401 ஆம் பிரிவில் உள்ள உட்பிரிவைக் குறிக்கும் சிறிய எழுத்து. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பங்குச் சந்தை ஆணையத்துக்கு அளிக்கும் ஆண்டறிக்கைப் படிவமான 10-கேயில் உள்ள கே படிவத்தின் பெயரைச் சேர்ந்தது. அது பெரிய எழுத்து.

பான், டான், ஜிஎஸ்டிஐஎன், ஐஎஃப்எஸ்சி, ஐஎஸ்ஐஎன் எண்களில் உள்ள எழுத்துகள் அனைத்தும் பெரியவை. கணினி சிறிய எழுத்தை ஏற்றுக்கொண்டாலும் அச்சில் பெரிதாகவே இருக்க வேண்டும். சிறிய எல், பெரிய ஐ, எண் ஒன்று ஆகிய மூன்றும் கலந்து குழம்பாமலிருக்க அதுவே வழி. ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் பிரித்தறியப் பெரிய எழுத்து உதவாது. அங்கே குறியீட்டின் அமைப்பைத் தெரிந்திருக்க வேண்டும். ஐஎஃப்எஸ்சி எண்ணின் பதினொரு இடங்களில் முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். பான் எண்ணின் பத்து இடங்களில் முதல் ஐந்து எழுத்துகள், அடுத்த நான்கு எண்கள், கடைசியில் ஓர் எழுத்து. அந்தப் பத்தும் அப்படியே ஜிஎஸ்டிஐஎன் எண்ணின் மூன்றாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடம்வரை வரும். அதற்கு முன் நிற்கும் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33.

உரிமையாளர் வைத்த பெயர்கள்

ரூபேயில் ஆரும் பியும் பெரிது. ஃபாஸ்டாகில் ஃபாஸ்ட் என்ற நான்கெழுத்து பெரிது, எஞ்சிய இரண்டு சிறிது. ‘டேக்’ என்ற சொல்லின் முதலெழுத்து ஃபாஸ்டின் கடைசி எழுத்தாகவே அமைந்துவிட்டது. ஃபோன்பேயிலும் டிஜிலாக்கரிலும் இரண்டாம் பகுதியின் முதலெழுத்து மீண்டும் பெரிதாகிறது. இவற்றுக்குப் பொதுவிதி தேடிப் பயனில்லை. பெயர் வைத்தவர் எழுதுவதைப் பார்த்து எழுத வேண்டியதுதான். மின்னணு முறையிலான கேஒய்சியின் முன் நிற்கும் இ சிறிய எழுத்து. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அதைப் பெரிதாக்குவதா என்ற தடுமாற்றம் எழும். வாக்கியத்தை மாற்றி எழுதி அதை நடுவுக்குக் கொண்டுபோவதே தொல்லையற்ற தீர்வு. பிபிஎஸ்ஸுக்கும் பிஎல்சிக்கும் இதே உபாயம் பொருந்தும்.

அலுவலக நடைமுறை

சரியாக எழுதியதைக் கெடுப்பவற்றில் மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. எக்செல்லில் அப்பர் என்ற ஃபங்ஷன் ஒரு பத்தியையே பெரிய எழுத்தாக்கும்போது பிபிஎஸ்ஸும் பென்ஸும் சேர்ந்து மாறிவிடும். ப்ராப்பர் என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கி மற்றவற்றைச் சிறிதாக்கும். பெயர்ப் பட்டியலுக்கு அது நல்லது, ஆர்பிஐயையும் ஜிஎஸ்டிஐஎன்னையும் அது குலைத்துவிடும். அலகும் நாணயக் குறியீடும் உள்ள பத்திகளில் இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. வேர்டில் பிழை தேடும்போது பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் மேட்ச் கேஸ் வசதியைச் சொடுக்கிக்கொண்டால் தவறான வடிவங்கள் மட்டும் தனியே அகப்படும்.

அலுவலகம் தனக்கென ஒரு பக்கச் சொற்பட்டியலை வைத்துக்கொள்வது மிகுந்த பயன் தரும். அடிக்கடி வரும் சுருக்கங்கள், தேர்ந்தெடுத்த வடிவம், விரிவு பெயரா பொதுச்சொல்லா என்ற குறிப்பு ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். புதிதாகச் சேர்பவர் கையில் முதல் நாளே அதைக் கொடுத்துவிட்டால், கடிதத்துக்குக் கடிதம் வடிவம் மாறுவது நின்றுவிடும்.

காசோலை, கடன் உறுதிச் சீட்டு, ஒப்பந்தம் ஆகியவற்றில் தொகைக்கு மட்டும் எந்தச் சுருக்கத்தையும் நம்பியிருக்கக் கூடாது. எண்ணிலும் சொல்லிலும் முழுமையாக எழுத வேண்டும். 1881 ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி, எண்ணால் எழுதிய தொகையும் சொல்லால் எழுதிய தொகையும் வேறுபட்டால் சொல்லால் எழுதியதே செல்லும்.